சும்மா இருந்தாலும் சூடேறும் ஸ்டைரீன்

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில், ஆர்.ஆர். வெங்கடாபுரம் கிராமத்தை ஒட்டிய எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஆவி கிளம்பி ஊருக்குள் பரவியது. குறைந்தது 12 பேர் உயிரிழந்தனர். பொதுமுடக்கத்தால் ஆலையில் உற்பத்தி நின்றிருந்தது. தீ எதுவும் பற்றவில்லை. பிறகு எப்படி நேர்ந்தது?

விடை, தொட்டியில் இருந்த ஸ்டைரீனின் குணத்தில் இருக்கிறது. தெர்மாகோலுக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருளான இது நிறமற்றது, லேசான இனிப்பு வாடை கொண்டது. தண்ணீரில் அநேகமாகக் கரையாது, அதன்மேல் மிதக்கும். கொதிநிலை 145 டிகிரி செல்சியஸ். ஆனால் 31 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்றரை மடங்குக்கு மேல் கனமானது என்பதால் மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். கண்ணும் தொண்டையும் எரியும், தலை சுற்றும். அதிகமானால் நினைவு தப்பும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்பு. அது திறந்து அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, சங்கிலி நீண்டு பாலிமராகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் வெப்பம் வெளிப்படும். வெப்பம் கூடக்கூட வினையும் வேகமெடுக்கும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல்போர் உள்ளுக்குள் சூடேறுவதுபோல, பெரிய தொட்டியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும்.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, தொட்டியைக் குளிர்வித்து, திரவத்தைச் சுழலவிடுவது. மற்றொன்று, டிபிசி என்ற தடுப்பானைப் பத்து லட்சத்துக்கு 10 முதல் 15 பங்கு வரை கலப்பது. டிபிசி நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். வேலை செய்ய அதற்குத் திரவத்தில் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். தீ அபாயத்துக்கு அஞ்சித் தொட்டியின் மேல்வெளியை முழுக்க நைட்ரஜனால் நிரப்பினால், தடுப்பானே செயலிழக்கும்.

விசாகப்பட்டினத்தில் வெப்பமானி தொட்டியின் அடியில் மட்டுமே இருந்தது. அடி குளிர்ந்திருப்பதாகக் காட்ட, மேலடுக்கு கொதித்துக்கொண்டிருந்தது. ஆலை மூடியிருக்கும்போது ஆட்களைக் குறைக்கலாம். ஆனால் ஸ்டைரீன் தொட்டியில் குளிரூட்டலையும் டிபிசி அளவுச் சோதனையையும் ஒரு நாளும் நிறுத்த முடியாது.