3 மார்க் வாங்கினால் கதை முடிந்ததா? ஆஸ்பத்திரி 'மார்க் ஷீட்' விவகாரம்

சாத்தான்குளம்,

"டாக்டர், பிழைப்பாரா, மாட்டாரா? ஒரே வார்த்தை சொல்லுங்க!"

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரியிலும் தீவிர சிகிச்சை வார்டு வாசலில் கேட்கிற கேள்வி இது. உயிருக்கு ஆபத்து என்றால் சாத்தான்குளத்துக்காரர்கள் அங்கேதான் ஓட வேண்டும்.

இதற்கு டாக்டர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பெயர் 'அப்பாச்சி-2'. அமெரிக்காவில் 13 ஆஸ்பத்திரிகளில் 5,815 நோயாளிகளைப் பார்த்து 1985-ல் வெளியிட்டது. காய்ச்சல், பிரஷர், நாடி, ரத்தத்தில் உப்பு என்று 12 சங்கதிகள். முதல் 24 மணி நேரத்தில் எது படுமோசமோ அதற்கு மார்க். வயதுக்கும் பழைய நோய்க்கும் தனி. மொத்தம் 71. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, மார்க் ஏற ஏற ஆபத்து!

எங்கே இடிக்கிறது?

12-ல் ஒன்று, நினைவு. அதை அளக்க 1974-ல் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் கொடுத்த அளவுகோல் இருக்கிறது. கண் திறந்தால் 4, ஒழுங்காகப் பேசினால் 5, சொன்னபடி கையை அசைத்தால் 6. ஆக 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 15-க்கு எத்தனை குறைகிறதோ, அத்தனையும் அப்பாச்சியில் ஏறும்.

இப்போது நம்ம கட்டுவிரியனைப் பாருங்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது. பல் தடம்கூடச் சில சமயம் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி. பிறகு இமை இறங்கும், நாக்கு குழறும், மூச்சும் நிற்கும். மூச்சுக்கருவி மாட்டியதும் பேச்சும் போச்சு. பார்த்ததை அப்படியே எழுதினால் மார்க் 3. அப்பாச்சியில் 12 கூடுதல்! கணக்கைப் பார்த்தால் ஆசாமி தேறமாட்டார்.

ஆனால் மூளை நன்றாக இருக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகிற தந்திதான் அறுந்திருக்கிறது. கட்டிலைச் சுற்றி நின்று அழுவதுகூட அவர் காதில் விழலாம்! விஷமுறிவு மருந்தும் மூச்சுக்கருவியும் கொடுத்துக் காத்திருந்தால், சில நாளில் எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. மார்க்கைக் கேட்டுப் பயந்து, "வீட்டுக்கே கொண்டு போறோம்" என்று குழாயை எடுத்தால்?

இன்னொரு கோளாறு. உள்ளூரிலேயே டிரிப்ஸ் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து 108-ல் அனுப்புகிறார்கள். போய்ச் சேரும்போது பிரஷர் சீராகியிருக்கும். மார்க் குறையும். உள்ளே நோய் அப்படியே!

கணக்கு பொய் என்று சொல்லவில்லை. 25 மார்க் வாங்கிய நூறு பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் தவறுவார்கள் என்று சொல்லும். எந்தப் பாதி? அது கணக்குக்கே தெரியாது.

வாசலில் நிற்கிற அண்ணாச்சிமார் மார்க் கேட்குமுன் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்: ராத்திரி எங்கே படுத்தார், வயிற்றுவலி எத்தனை மணிக்கு, தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தாரா. மார்க் தாளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.