தரவு மையத்தின் காவல்

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். உழவர் ஒருவர் அடங்கலும் சிட்டாவும் பெற இ-சேவை மையத்தில் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் விவரம் வந்து சேராவிட்டால் நஷ்டம் யாருக்கு? கணினிக்கு அன்று, உழவருக்கே.

நமது நில விவரங்கள் இ-சேவை மையத்துக் கணினியில் இருப்பவை அல்ல. தொலைவிலுள்ள 'தரவு மையம்' என்னும் கட்டடத்தில், அடுக்கடுக்காக நிறுத்தப்பெற்ற கணினிகளில் அவை காக்கப்படுகின்றன. அக்கணினிகள் இரவு பகலாக இயங்குபவை. அவற்றுக்குத் தடையற்ற மின்சாரமும், அளவான குளிர்ச்சியும் வேண்டும்.

விதை நெல்லை 13 சதவீதத்துக்கு மேற்படாத ஈரத்தில் சேமிக்கிறோம். ஈரம் மிகுந்தாலும் மூட்டை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; விதைத்த பின்னரே கேடு தெரியும். தரவு மையமும் அத்தகையதே. ஆகவே கண்ணால் பார்ப்பது போதாது. கருவியால் அளத்தல் வேண்டும்.

முதலாவது, மின்சாரம். மின்தடை ஏற்பட்டதும் யு.பி.எஸ். பாட்டரிகள் அக்கணமே மின்பளுவை ஏற்கின்றன. அவை பொதுவாகச் சில நிமிஷங்களே தாங்கும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கவேண்டும். எனவே மின்னழுத்தம், பாட்டரியின் சூடு, டீசல் இருப்பு ஆகியவை இடைவிடாது கண்காணிக்கப்படுகின்றன. ஜெனரேட்டரையும் அவ்வப்போது மின்பளுவுடன் ஓட்டிப் பார்த்தல் அவசியம்.

இரண்டாவது, சூழ்நிலை. கணினிகள் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் நலம் என்பது பொறியாளர் பரிந்துரை. சூடான காற்று மேலே எழுமாதலால், உஷ்ணமானியை அடுக்கின் கீழும், நடுவிலும், மேலும் பொருத்துவர். ஈரம் மிகுந்தால் உலோகப் பகுதிகள் அரிக்கும். மிகக் குறைந்தால் நிலைமின்சாரம் தோன்றி நுண்பகுதிகளைக் கெடுக்கும். நீர்க்கசிவையும் புகையையும் உணரும் கருவிகளும் உண்டு. அளவு மீறினால் பணியிலுள்ளவருக்கு உடனே எச்சரிக்கை செல்லும்.

கவனம் தவறினால் விளைவது யாது? 2022 ஜூலை 19-இல் லண்டனில் வெப்பம் 40 டிகிரியை எட்டியபொழுது, கைஸ் மற்றும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரு தரவு மையங்களும் செயலிழந்தன. மருத்துவர்கள் காகிதத்தில் எழுதிச் சிகிச்சை அளிக்க நேரிட்டது. நிலைமை முற்றும் சீர்பட வாரக்கணக்கில் ஆயிற்று.

2025 செப்டம்பர் 26-இல் தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் பாட்டரி தீப்பற்றியது. 709 அரசாங்கக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த கோப்புகளில் 858 டெராபைட் அளவு அழிந்தது. அவற்றுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. மின்சாரத்தைக் காக்க வைத்த பாட்டரியே தீக்குக் காரணமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. கருவி எச்சரிக்கும், செயற்படவேண்டியவர் மனிதரே. எவ்வளவு காவல் இருப்பினும், வேறோர் ஊரில் நகல் இருத்தல் இன்றியமையாதது.

நம் பஞ்சாயத்து அலுவலகத்துக் கணினிக்கும் இது பொருந்தும். இன்வெர்ட்டர் பாட்டரியில் நீர் மட்டம் சரியாக உள்ளதா? அது காற்றோட்டமான இடத்தில் உள்ளதா? தரைக் கம்பி இணைப்பு நன்றாக உள்ளதா? கணக்குகளுக்கு வேறிடத்தில் நகல் உண்டா? இந்நான்கையும் மாதம் ஒருமுறை பார்த்து, ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிராமத்தாரின் உடைமைக்கு அதுவும் ஒரு காவலே.