போட்டோ மங்கலா விழுதா? லென்ஸை மாத்தும் முன்னே இதைப் பாருங்க!



நமது கூட்டமைப்பில் சில உறுப்பினர்கள் குழுவில் கடன் எடுத்து, பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கி, காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு வீடுகளில் போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல தொழில்தான். ஒருமுறை முதல் போட்டால் போதும், வாராவாரம் சரக்கு வாங்க ஓட வேண்டியதில்லை. ஆனால் அப்பளம் சரியா வரலேன்னா மறுநாள் மறுபடி போடலாம், காதுகுத்தை மறுபடி நடத்த முடியாது. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்த படம் மங்கலாகிப் போனால் மீதிப் பணம் கைக்கு வராது. அந்த மாதத் தவணையும் இடிக்கும்.

களத்தில் நாங்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "கேமரா ஃபோகஸ் ஆக மாட்டேங்குது. லென்ஸ் போயிடுச்சாம், மாத்தணுமாம்." லென்ஸ் உண்மையிலேயே கெட்டுப்போவது உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். காசு கொடுக்கும் முன் நாமே பார்த்துவிடலாம்.

எந்த மாதிரி மங்கல்?

முதலில் எடுத்த படத்தை கேமரா திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் திரையில் எல்லாப் படமும் நல்லாத்தான் தெரியும், ஏமாந்துடாதீங்க. முகம் மங்கலாகி, பின்னால் இருக்கிற வாழைமரமோ சீரியல் பல்போ பளிச்சென்று தெரிந்தால், ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. சுவர், ஆள், பந்தல் எல்லாமே ஒரே பக்கம் இழுத்த மாதிரி இருந்தால் நம் கை ஆடியிருக்கிறது. சுவரும் பந்தலும் தெளிவு, பிள்ளை மட்டும் மங்கல் என்றால் பிள்ளை அசைந்திருக்கிறது. எந்த இடத்திலும் தெளிவே இல்லாமல் பால் ஊற்றினாற்போல் இருந்தால் லென்ஸில் அழுக்கு, ஆவி அல்லது பூஞ்சை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் கடைக்கு ஓடுவதில்தான் பணம் வீணாகிறது.

ஃபோகஸ் ஆகவே இல்லையென்றால்

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கேனானில் ஏ.எஃப்., எம்.எஃப். என்றும், நிக்கானில் ஏ, எம் என்றும் போட்டிருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் உரசியே இது மாறிவிடும். எம் பக்கம் போய்விட்டால் கேமரா தானாக ஃபோகஸ் செய்யாது. முதலில் இதைப் பாருங்கள். சில லென்ஸில் சுவிட்ச் இருக்காது, அப்போது கேமரா மெனுவில் பார்க்க வேண்டும்.

அடுத்து லென்ஸைக் கழற்றி, உலோகப் புள்ளிகளைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 'டிக்' சத்தம் வரும்வரை திருப்பி மாட்டுங்கள். தூசி பறக்கும் இடத்தில் கழற்றாதீர்கள்.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டி3500, டி5600 போன்ற சின்ன மாடல்களில் ஃபோகஸுக்கான மோட்டார் கேமராவுக்குள் கிடையாது, லென்ஸில்தான் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஏ.எஃப்-டி என்ற பழைய லென்ஸை வாங்கினால் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. அது ரிப்பேர் இல்லை, அந்த ஜோடி அப்படித்தான். லென்ஸில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரொம்பக் கிட்டே போனாலும் ஃபோகஸ் ஆகாது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸுக்குச் சுமார் கால் மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தோடு, மூக்குத்தி எடுக்கும்போது இதுதான் சிக்கல்.

வெறும் வெள்ளைச் சுவர், கோடில்லாத வேட்டி, இருட்டு மூலை இவற்றில் ஃபோகஸ் இங்கும் அங்கும் அலையும். கேமராவுக்குப் பிடிக்க ஒரு கோடோ விளிம்போ வேண்டும். புடவைக் கரையிலோ கண்ணிலோ வைத்துப் பிடியுங்கள். இருட்டாக இருந்தால் பக்கத்தில் நிற்பவரை செல்போன் டார்ச்சை முகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஃபோகஸ் ஆனதும் அணைத்துவிடலாம்.

ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்தால்

எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடமே விட்டுவிட்டால், பெரும்பாலும் முன்னால் இருக்கும் பொருளைத்தான் பிடிக்கும். வளைகாப்பில் அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு முன்னே உள்ள சீர்த்தட்டைப் பிடிப்பது இதனால்தான். ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்றாக மட்டும் வையுங்கள். அதைக் கண்ணில் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். வியூஃபைண்டருக்குள் பச்சைப் புள்ளி நிலையாக எரியும். விரலை எடுக்காமல் படத்தை வேண்டியபடி அமைத்து முழுதும் அழுத்துங்கள். அவசரத்தில் ஒரே அமுக்காக அமுக்குவதுதான் நம்மவர்கள் பழக்கம். அதை விட்டாலே பாதிப் படம் தேறும்.

இது கேனானில் 'ஒன் ஷாட்', நிக்கானில் 'ஏ.எஃப்-எஸ்' வைத்திருந்தால்தான் நடக்கும். ஓடுகிற பிள்ளைக்கு 'ஏ.ஐ. சர்வோ' அல்லது 'ஏ.எஃப்-சி' நல்லது. அதில் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிற்காது, புள்ளி ஆள் மேலேயே இருக்க வேண்டும்.

எஃப் 1.8 வைத்துக் கிட்டே போய் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். குழு போட்டோவில் மூன்று வரிசை நின்றால் எஃப் 8 வையுங்கள்.

அசைவுக்கு வேகம்தான் மருந்து. நிற்கிற ஆளுக்கு ஷட்டர் 1/125, ஓடுகிற பிள்ளைக்கு 1/500 வரை தேவைப்படும். வேகத்தைக் கூட்டினால் படம் இருட்டாகும், அதற்கு ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழும். பரவாயில்லை, புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் போடலாம், ஆடின படத்தைப் போட முடியாது. லென்ஸில் உள்ள ஐ.எஸ். அல்லது வி.ஆர். நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும், பிள்ளை அசைவதை நிறுத்தாது.

படம் சரியாக இருந்து, வியூஃபைண்டரில் மட்டும் மங்கலாகத் தெரிகிறதா? பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்து தெளிவாகும்வரை சரிசெய்யுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு இது அவசியம்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை

செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, நடுவில் ஒரு தலைப்பில் ஃபோகஸ் வைத்து வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். அதே படத்தை லைவ் வியூவிலும் எடுங்கள். லைவ் வியூவில் தெளிவு, வியூஃபைண்டரில் எடுக்கும்போது மட்டும் எப்போதும் தலைப்புக்கு முன்னாலோ பின்னாலோ தெளிவு விழுந்தால், அது உண்மையான பழுது. சர்வீஸ் சென்டரில் சரிசெய்யலாம். சில பெரிய மாடல்களில் மெனுவிலேயே திருத்தலாம். இரண்டிலும் ஃபோகஸ் ஆகாமல் கறகறவென்று சத்தம் வந்தால் லென்ஸ் மோட்டார் போயிருக்கக்கூடும். எதுவானாலும் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே கேமராவைக் கொடுங்கள்.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் விடவில்லை. அதனால் பழையது நிறைய விற்பனைக்கு வருகிறது. வாங்கும்போது இதே செய்தித்தாள் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.