மறைப்பினால் வெளிப்பட்டவை

ஞாயிற்றுக் குடும்பத்தின் புறவெல்லையில் உலவும் பொருள்களுட் பல, பெருந் தொலைகாட்டிக்கும் எளிதிற் புலனாகா. யுரேனஸ் என்னும் கோளின் வளையங்கள் கரியை ஒத்த கருமையுடையன. தம்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்புவன. இத்தகையவற்றை அறிஞர் அறிந்தது அவை ஒளிர்வதைக் கண்டன்று. அப்பாலுள்ள விண்மீனின் ஒளியை அவை மறைப்பதைக் கண்டேயாம்.

வலப்பனைச் சரிவுகளில் இருள் கவிந்தபின் எதிர்மலை லயத்து விளக்கை நோக்குவோர்க்கு இம்முறை புதிதன்று. விளக்கின் முன்னே செல்பவனின் உருவம் தெரியாது. விளக்கு ஒரு கணம் மறைந்து மீள்வதால் எவனோ கடந்தான் என்பது தெரியும். அவனது நடையின் வேகமும் தெரியுமாயின், மறைந்த நேரத்தைக் கொண்டு அவன் சுமந்த மூட்டையின் அகலத்தையும் கணக்கிட்டு விடலாம். இராகு கேதுக்களை ஈண்டு நினைப்போர் உளராயின் அதிற் பிழையில்லை. ஆயினும் சோதிடம் மறைவுக்குப் பெயர் தந்தது, வானியலோ அதற்கு அளவு தந்தது.

தமிழ்நாட்டில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இத்துறையிற் பெயர் பெற்றது. வைனு பாப்பு என்னும் அறிஞரின் முயற்சியால் எழுந்த அந்நிலையத்தில் 1972இல் ஒரு மீற்றர் ஆடியுடைய தொலைகாட்டி நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் 7இல் வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரிலும் யாவாவிலுள்ள லெம்பாங்கிலும் அந்நிகழ்ச்சி பதிவாயிற்று. கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென அதனின்று முடிவு செய்தனர். 1979இல் வொயேஜர் 1 விண்கலம் அளந்தபோதோ, அவ்வளி முன்னர்க் கணித்ததினும் மிக மிக நொய்தெனப் புலப்பட்டது.

1977 மார்ச் 10இல், கிரீனிச் நேரப்படி, யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒளிமானியுடன் காத்திருந்தனர். விண்மீனின் ஒளி சில விநாடி தாழ்ந்து மீண்டது. யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோளொன்று குறுக்கிட்டதெனக் கருதி அவர்கள் அதனை வெளியிட்டனர். ஒரே ஒரு மறைவைக் கண்டவர்க்கு அதனினும் இயல்பான விளக்கம் வேறில்லை.

அதே இரவு இந்துமாக்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்தில் எலியட், டன்ஹம், மிங்க் ஆகியோர் இருந்தனர். கோளின் நிழற்பாதை எங்கே விழுமென்பது ஐயமாயிருந்தமையால் அவர்கள் கருவியை முன்கூட்டியே இயக்கியிருந்தனர். கோள் மறைக்குமுன் ஐந்து சிறு மறைவுகள். கோள் விலகியபின் மீண்டும் ஐந்து. இரு புறத்தும் கோளின் நடுவிலிருந்து அவை ஒத்த தொலைவில் நின்றன. துணைக்கோள்கள் இவ்வாறு இணையிணையாக அணிவகுத்து நிற்றல் அரிது; வளையமோ கோளின் இருமருங்கும் தோன்றியே தீரும். காவலூர் கண்டதும் வளையத்தின் மறைவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆங்குப் பதிவான ஒளித்தாழ்வு மெய். அதற்கு இட்ட பெயரே மாறிற்று. 1781இல் ஹெர்ஷல் கண்ட கோளின் வளையங்கள் ஏறக்குறைய இருநூறாண்டு கழித்தே வெளிப்பட்டன. இன்று அவை பதின்மூன்றென அறியப்படுகின்றன.

சிறுகோள்களுக்கும் வளையமுண்டு என்பதை உணர்த்தியதும் இம்முறையே. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே உலவும் சாரிக்ளோ ஏறக்குறைய 250 கிலோமீற்றர் விட்டமே உடையது. 2013இல் அது விண்மீனொன்றை மறைத்தபோது அதன் இரு வளையங்கள் புலப்பட்டன. நெப்தியூனுக்கு அப்பாலுள்ள குவாவோரின் வளையம் 2023இல் அறிவிக்கப்பட்டது. தாய்ப்பொருளுக்கு அணித்தாயுள்ள துகள்களை அதன் ஈர்ப்பு திரளவொட்டாது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளவை திரண்டு துணைக்கோளாதல் வேண்டும். குவாவோரின் வளையம் அவ்வெல்லைக்கு வெகு தொலைவில் இருந்தும் திரளாது நிற்பதன் காரணத்தை அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.