உங்களுக்குத் தெரியுமா? ஜாம் போத்தலில் சண்டை மீன்

ஃபைட்டர் எனப்படும் சண்டை மீனுக்கு ஒரு ஜாம் போத்தல் போதும் என்பார்கள். செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது காற்றையும் சுவாசிக்கும். அதனால் போத்தலில் சாகாமல் கிடக்கும், அவ்வளவுதான். 2019இல் தாய்லாந்து தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த இந்த மீனின் பிறப்பிடம் வயலும் சதுப்பும். அங்கே ஆழம் குறைவு, பரப்பு அதிகம்.

இலங்கையின் நெடுந்தீவில் போத்தலுக்கு வேறொரு நியாயம் வரும். பல கிணறுகளில் உவர். குடிநீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பிய ஊரில் ஒரு மீனுக்கு 20 லீற்றர் தொட்டியா? கணக்குப் பாருங்கள். ஒரு லீற்றர் போத்தலில் மீன்கழிவின் அமோனியா சட்டென ஏறும். நாள்தோறும் மாற்றினால் வாரத்துக்கு 7 லீற்றர். வடிகட்டி ஓடும் 20 லீற்றர் தொட்டியில் வாரம் கால் பங்கு மாற்றினால் 5 லீற்றர்தான்!

குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் நீர்மட்டத்தைக் குறைப்பது சரியே. கீழே விழும் முட்டைகளை ஆண் மீன் வாயால் பொறுக்கி நுரைக்கூட்டில் ஒட்ட அது உதவும். ஆனால் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரலாம். இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். 50 ஆண் என்றால் 50 தனிப் பாத்திரம், தொட்டிக் கணக்கில் 1,000 லீற்றர். அதற்கு வழியில்லாதவர் இணை சேர்க்காமல் விடுவதே நல்லது.

ஜாம் போத்தல் இருக்கட்டும், இத்தாலியில் மொன்சா நகரம் 2004இலும் ரோம் 2005இலும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதையே தடைசெய்துவிட்டன.