எம்சிபி இருந்தும் ஷாக் அடிக்குமா?

கீசர் போட்டிருக்கும்போது பைப்பைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்கிறதா? "எம்சிபி இருக்கே, ஆபத்துன்னா டிரிப் ஆயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரைத்தான், உங்களை அல்ல.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். அந்த லைனில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, ஓவர்லோடு ஆனாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் விழும். ஆனால், உடலில் 30 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் என்பது அதைப்போல 500 மடங்குக்கும் மேல்! உங்களுக்கு ஷாக் அடிப்பதே எம்சிபிக்குத் தெரியாது.

இதற்குத்தான் ஆர்சிசிபி. எலக்ட்ரீஷியன்கள் பலர் இன்னும் பழைய பெயரில் இஎல்சிபி என்பார்கள். ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், 0.3 விநாடிக்குள் சப்ளையைத் துண்டித்துவிடும். 100, 300 மில்லிஆம்பியரிலும் கடையில் கிடைக்கும். ஆளைக் காப்பாற்ற 30தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் மட்டும் இதுவும் கைகொடுக்காது.

டைல்ஸுக்கும் மாடுலர் சுவிட்சுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்த வீடுகளில்கூட இது இருக்காது. இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லையா? வாடகை வீடென்றால் ஓனருக்கு போன் போடுங்கள். 'சுர்'ரென்கிற கீசரை, எர்த்தையும் சேர்த்துச் சரிபார்க்கும்வரை போடவே வேண்டாம்.