அடுத்துவரும் கைக்கணினி நம் வீட்டுக்கு ஏற்றதாகுமா?

ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சுமந்து சென்ற சிலேட்டுப் பலகைக்குச் சில நற்குணங்கள் இருந்தன. நடுப்பகல் வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தெரியும். அக்காள் எழுதியதைத் துடைத்துவிட்டுத் தம்பி எழுதலாம். மரச்சட்டம் கழன்றுவிட்டால் தச்சர் இரண்டு ஆணிகளை அடித்துக் கொடுத்துவிடுவார். அதன் இடத்தில் இன்று வந்து அமர்ந்திருக்கும் மின்பலகையோ, உலகச் செய்திகளையெல்லாம் ஒரு நொடியில் கொண்டுவந்து காட்டுகிறது. ஆனால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றையேனும் ஒழுங்காகச் செய்ய அதற்கு இன்னும் வரவில்லை.

இப்பலகையை அரசினர் 'கைக்கணினி' என்று குறிக்கின்றனர். வீடுகளில் 'டேப்' என்பதே வழக்கு. 'டேப்லட்' என்னும் ஆங்கிலச் சொல் மோயீசன் மலையினின்று கொணர்ந்த கற்பலகைகளுக்கும் வழங்குவதே என்பது நம் வாசகர் சிலருக்கு நினைவு வரலாம். அவை சார்ஜ் கேட்காத பலகைகள்.

கைக்கணினி பற்றிய பேச்சு நம் ஊர்ப்பக்கம் சூடு பிடித்தது 2025ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு மார்ச் 14 அன்று படிக்கப்பெற்ற தமிழக வரவு செலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது; 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடும் கூறப்பட்டது. 'இதுவா, அதுவா' என்று இளைஞர்களிடையே வாதம் எழுந்தது. பெரும்பாலோர் மடிக்கணினியின் பக்கமே சாய்ந்தனர். "டேப்ல படிக்கலாம், படம் பார்க்கலாம், சாமி. பத்துப் பக்கம் எழுதணும்னா உட்கார்ந்து எழுத முடியாது" என்றார் வணிகவியல் பயிலும் ஒரு தம்பி. அரசின் எல்காட் நிறுவனமும் பின்னர் மடிக்கணினிகளுக்கே ஒப்பந்தப்புள்ளி கோரியது. கைக்கணினியைச் செய்வோர் இதனை ஒரு தீர்ப்பாகவே கொள்ளலாம். அமெரிக்க அறிஞர் ஆலன் கே 1972இல் சிறுவர்க்கான கையடக்கக் கணினி ஒன்றைக் கனவு கண்டு கட்டுரை எழுதியபோது, அது பார்ப்பதற்கு மட்டுமான பெட்டியாக இருக்கக்கூடாது, பிள்ளை தானே எழுதவும் வரையவும் இசை அமைக்கவும் உதவ வேண்டும் என்றே எண்ணினார். 2010இல் ஐபாடு வெளிவந்த பின்னரும் அந்தக் கனவின் பாதிதான் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சோழவந்தானிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம், கடந்த சில மாதங்களாக நாம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறோம். அடுத்த கைக்கணினியைச் செய்பவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இன்னும் மெல்லிய உடல், இன்னும் கூரிய காமிரா, இன்னும் விரைவு என்று விளம்பரங்கள் அடுக்கிச் செல்கின்றனவே, அவற்றுள் ஒன்றையேனும் எவரும் முதலாவதாகச் சொல்லவில்லை.

வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் தாய் ஒருவர் சொன்ன மறுமொழி நம்மைச் சிந்திக்க வைத்தது. "ஈரக் கையால தொட்டா அது கேக்க மாட்டேங்குது, சாமி" என்றார் அவர். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது நம் சோழவந்தான் வெற்றிலை. வாடாதிருக்க நீர் தெளித்துத் தெளித்தே அதைக் கட்டவேண்டும். திண்ணையில் அமர்ந்து கவுளி கட்டிக்கொண்டே மகனுக்குப் பாடத்தை ஓட்டிக் காட்ட முயல்கிறார் அத்தாய். ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பில் கையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. இக்காலத்துத் திரைகள் விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. இடையில் நீர் படிந்தால் எங்கே தொட்டோம் என்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. உழைத்துக் காய்ப்பேறிய வறண்ட விரலையும் அவை சில வேளைகளில் விரலாகவே மதிப்பதில்லை!

இங்கே 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை நினைவுகூர்தல் பொருந்தும். 2011 அக்டோபர் 5 அன்று புதுடில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அதனை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் செய்தளித்த அக்கருவிக்கு அரசு தந்த விலை சுமார் 2,276 ரூபாய். உலகிலேயே மலிவான கைக்கணினி என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏழு அங்குலத் திரை, 256 மெகாபைட் நினைவகம், மூன்று மணி நேர அளவே தாங்கும் பேட்டரி. அதன் திரை, அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகையைச் சேர்ந்தது. அதுவே பெருங்குறை என்று நகரத்தார் எள்ளி நகையாடினர். 2012 நவம்பரில் வந்த இரண்டாம் ஆகாஷில் தொட்டாலே இயங்கும் திரை வைக்கப்பட்டது. எனினும் அழுத்தும் திரைக்கு ஈர விரலும் ஒன்றே, நகமும் ஒன்றே, குச்சியும் ஒன்றே. கொடிக்கால் தாயைக் கேட்டு முடிவு செய்திருந்தால் அந்தத் திரையையே சற்றுச் செம்மைப்படுத்தியிருப்பார்களோ என்னவோ. சில ஆண்டுகளில் அத்திட்டமே நின்றுபோயிற்று. விலை மலிவு ஒன்றே ஒரு கருவியைக் காப்பாற்றாது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

அடுத்தது வெயில். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மதுரைச் சமவெளியின் வெப்பம் 40 பாகையைத் தொடுவது நமக்குப் புதிதன்று. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாடைப் பயன்படுத்துவோர்க்குக் கூறும் அறிவுரையோ, சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகைக்குள் இருக்கவேண்டும் என்பது. அதாவது பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் நம் ஓட்டு வீடுகளும் தகரக் கொட்டகைகளும் அக்கருவிக்கு ஒவ்வாத இடங்கள். லித்தியம் பேட்டரியின் ஆயுளை வெப்பம் குறைத்துவிடும் என்பது அறிந்ததே. வெட்டவெளியில் திரையைப் பார்ப்பதும் கடினம். பின்னிருந்து ஒளி வீசும் திரை, கதிரவனோடு போட்டியிட்டுத் தோற்றுவிடுகிறது.

இதற்கு வழியே இல்லையா எனில், உண்டு. ஏழை நாட்டுச் சிறுவர்க்கென நிக்கோலஸ் நெக்ரபாண்டி தொடங்கிய 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கம் 2007இல் தயாரித்த கணினியின் திரை, வீட்டினுள் வண்ணத்திலும் வெயிலில் கறுப்பு வெள்ளையிலும் தெரியுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நூறு டாலருக்குத் தருவோம் என்ற அவர்களது வாக்கு நிறைவேறவில்லை; ஆயினும் அத்திரையின் கருத்துப் பழுதற்றது. அதே 2007இல் வெளிவந்த கிண்டில் என்னும் நூல்படிப்பான், தாளில் அச்சிட்டதுபோல் தோன்றும் மின்மைத் திரையைப் பரப்பியது. அத்தகைய திரைக்கு வெயில் பகையன்று, நட்பு. கண்ணுக்கும் இதமானது. பேட்டரியும் பல நாள் தாங்கும். பாடநூல் படிக்கவும் கையால் எழுதிப் பழகவும் இதனைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இத்திரையுடன் எழுதும் வசதியும் சேர்ந்த கருவிகள் இன்று செல்வர் வீட்டு விலையில்தான் விற்கின்றன.

தமிழைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாய் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம் என்று நம் மொழியின் இயல்பை ஒட்டிய ஒழுங்கு அது. ஐபாடில் தமிழ் விசைப்பலகை 2013 முதல் உடன் வருகிறது. கூகுள் நிறுவனம் 2017இல் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியையும் தந்தது. இவ்வளவு இருந்தும், தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளையே தேடித் தட்டுகின்றனர். தமிழ்99 எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. கருவியை முதன்முறை திறந்தவுடன் அதுவே முன்வந்து நிற்கலாகாதா? பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கும் இன்னும் பயிற்சி தேவை. செய்தி வாசிப்பவர் தமிழ் அதற்கு எளிதாகப் புரிகிறது. "அங்கிட்டு வையி, இங்கிட்டு எடு" என்று நம் பாட்டிமார் சொன்னால் தடுமாறுகிறது. ஆனால் பேசித்தான் ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்கள் எழுதப் படிக்க அறியாத அப்பாட்டிமாரே அன்றோ!

நம் உள்ளத்தை மிகவும் வருத்தியது பகிர்வு பற்றிய குறை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டதும் எவருக்கும் மறந்திராது. அந்நாட்களில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், கருவியோ ஒன்றே. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தந்தை முறைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மூத்தவளின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இரவு பத்து மணிக்கு மேல். அதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது தம்பியர் விளையாட்டைப் பதிவிறக்கி அன்றைய டேட்டாவைக் கரைத்திருப்பர். எழுதி வைத்த கணக்குகள் ஒருநாள் அழிந்தும் போயின. பெண்பிள்ளைதானே, விட்டுக் கொடுப்பாள் என்று பெரியவர்கள் இருந்துவிட்டனர். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது கணக்கில் அவள் எவ்வளவு பின்தங்கியிருந்தாள் என்பதை அறிந்து அத்தந்தையே கண்கலங்கினார். இன்று தையல் பயிலும் அப்பெண்ணிடம் நம் கேள்வியைக் கேட்டோம். "எனக்குன்னு ஒரு அறை வேணும், அதுக்குள்ள. என் சாவி இல்லாம வேற யாரும் திறக்கக்கூடாது" என்றாள்.

இது ஆகாத காரியமன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நம் நாட்டு எளியோர்க்கென வடிவமைத்து, 2004இல் விற்பனைக்கு வந்த 'சிம்ப்யூட்டர்' என்னும் கைக்கருவியில் இதற்கு வழி செய்திருந்தனர். ஊருக்கு ஒரு கருவி போதும். ஆளுக்கு ஒரு சிறு அட்டை. அட்டையைச் செருகினால் அவரவர் குறிப்புகள் அவரவர்க்குத் திறக்கும். தமிழையும் கன்னடத்தையும் இந்தியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஏற்பாடும் அதில் செய்யப்பட்டது. விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்ததாலும், கைப்பேசிகள் பெருகிவிட்டதாலும் அது பரவாமலே மறைந்தது. ஆண்ட்ராய்டு கைக்கணினிகளில் 2012 முதல் பலருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்க இடமுண்டு என்பதை நம் பெற்றோர் அறிந்துகொள்வது நலம். ஐபாடிலோ, 2016இல் பள்ளிகளுக்கென்று மட்டும் பகிர்வு வசதி வந்தது. வீடுகளுக்கு அது தரப்படவில்லை. ஆளுக்கொன்று வாங்கட்டும் என்பது வணிகரின் கணக்குப் போலும்.

சிறு குழந்தைகளைப் பற்றியும் தாய்மார் கேட்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைப்படி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. இப்பூட்டைப் போடும் வசதி கருவிகளில் இல்லாமலில்லை. அதைத் திறக்கும் வித்தையைப் பெற்றோர்க்கு முன்பே பிள்ளைகள் கற்றுவிடுகின்றனர் என்பதுதான் வேடிக்கை.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னது பழுது பற்றியே. மாதத் தவணையில் வாங்கிய கருவி, தவணை முடியுமுன் பேட்டரி ஓய்ந்து படுத்துவிட்டால், கூலிவேலை செய்யும் குடும்பம் என்ன செய்யும்? பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. சூடு காட்டித்தான் பிரிக்கவேண்டும். பிரிக்கையில் திரை விரிசல் காண்பதும் உண்டு. கருவி நன்றாக இருக்கும்போதே, புதிய மென்பொருள் அதற்கு இனி வராது என்று நிறுவனம் கைகழுவிவிடுவது இன்னொரு துன்பம். பிள்ளையின் பாடச்செயலி அதில் திறக்க மறுத்தால், பலகை இருந்தும் இல்லாததே.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு வழி கண்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் கைப்பேசிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பின்னரும் பேட்டரியில் 80 விழுக்காடு வலு எஞ்சியிருக்க வேண்டும். விற்பனையை நிறுத்திய பின்னும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும். ஐந்து ஆண்டுகளுக்காவது மென்பொருள் புதுப்பித்துத் தரப்படவேண்டும். எவ்வளவு எளிதில் பழுது நீக்கலாம் என்பதற்கு மதிப்பெண்ணும் வாங்குவோர்க்குக் காட்டப்படவேண்டும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுது நீக்கும் உரிமை'க்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. கருவிகளுக்கு மதிப்பெண் இடுவது குறித்து ஆராய்ந்த குழுவும் 2025இல் அறிக்கை அளித்தது. கடையில் விலையைக் கேட்பதோடு, 'இதற்கு பேட்டரி கிடைக்குமா, எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் வரும்?' என்று வாங்குவோர் ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால் விற்பவரும் விடை தேடித்தான் ஆகவேண்டும்.

பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அவர் கையில் அப்போது பசை இளகாத ஒரு கைக்கணினி இருந்தது. "ஐரோப்பா வரைக்கும் போகவேணாம், சாமி. பின்னாடி நாலு திருகாணி வச்சு மூடியிருந்தா இந்நேரம் பேட்டரிய மாத்திக் கொடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் அதற்குச் சூடு காட்டத் தொடங்கினார்.